துணை ஒப்பந்தக்காரருக்குக் கூடுதலாகப் போன பணம்: சட்டப்படி திரும்பப் பெறும் வழிகள்

கட்டுமானத் தொழிலில் துணை ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கூடுதலாகப் பணம் போய்விட்டது என்பது பணம் போன அன்றே தெரிவது அபூர்வம். இறுதி பில் வந்து, அளவுப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் அருகருகே வைத்து ஒத்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் அவருடைய ஆட்கள் வேறு தளத்துக்குப் போயிருப்பார்கள். வேலைக்கான பொறுப்புத் தொகையாக ஒவ்வொரு பில்லிலும் பிடித்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ‘போலீஸில் புகார் கொடுக்கலாமா’ என்பதுதான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பணம் எந்த வழியில் கூடுதலாகப் போனது? எந்தச் சட்டப்பிரிவு பொருந்தும், காலவரம்பு எந்த நாளிலிருந்து ஓடும், எந்த மன்றத்துக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்தவை. தமிழ்நாட்டில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் நடுத்தர ஒப்பந்தக்காரர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

எந்த வழியில் போனது?

மிகச் சாதாரணமான வழி கூட்டல் கழித்தல் பிழை. வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்லான ஆர்.ஏ. பில் ஒவ்வொன்றும் தொடக்கத்திலிருந்து இதுவரை நடந்த மொத்த வேலையைக் காட்டி, அதிலிருந்து முந்தைய பில் வரை கொடுத்ததைக் கழித்து மீதியைத் தரும் முறையில் போடப்படுகிறது. ஷட்டரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும்) வேலை எடுத்த ஒருவரின் ஐந்தாவது பில்லை உதாரணமாகக் கொள்வோம். இதுவரை செய்த வேலையின் மதிப்பு 42,60,000 ரூபாய். நான்காவது பில் வரை கொடுத்தது 35,10,000 ரூபாய். ஆகவே கொடுக்க வேண்டியது 7,50,000 ரூபாய். பணப்பட்டுவாடாத் தாளில் 35,10,000 என்பது இடம் மாறி 31,50,000 என்று பதிவாகிவிட்டால், 11,10,000 ரூபாய்க்குக் கணக்கு முடிந்து, 3,60,000 ரூபாய் கூடுதலாகிவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 72-ஆவது பிரிவு இப்படிப்பட்ட நிலைக்காகவே இருக்கிறது: தவறுதலாகவோ வற்புறுத்தலுக்கு உட்பட்டோ பணம் கொடுக்கப்பட்டிருந்தால், பெற்றுக்கொண்டவர் அதைத் திருப்பித் தர வேண்டும். பெற்றவர் நல்லெண்ணத்தோடு பெற்றாரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்த பணமும் இதில் அடங்கும் என்று பனாரஸ் விற்பனை வரி அதிகாரி எதிர் கன்ஹையா லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால், கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்தே, வேலை நின்றுவிடக் கூடாதே என்று கொடுத்த பணத்தைப் பின்னர் ‘தவறுதல்’ என்று சொல்லிக் கேட்க முடியாது. இந்த வேறுபாட்டில்தான் பல வழக்குகள் விழுகின்றன.

இரண்டாவது வழி அளவு எடுப்பதில் வரும் வேறுபாடு. வழக்கறிஞர்கள் எளிதாகக் கடந்துபோகும் இடம் இது. தளத்தில் இருப்பவர்களுக்கோ இதுதான் பெரிய தலைவலி. பூச்சு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1200 முறைப்படி அரை சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளுக்குக் கழிவு இல்லை. அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரையிலான கதவு, ஜன்னல்களுக்குச் சுவரின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. அதற்கு மேற்பட்டால் இரு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளக்க வேண்டும். ஊர் வழக்கத்தில் சில மேஸ்திரிகள் ஜன்னலைக் கழிப்பதே இல்லை. ‘ஓரம் வளைக்கிற கூலி அதில் அடங்கிவிடும்’ என்பார்கள். ஒப்பந்தத்தில் எந்த முறைப்படி அளப்பது என்று எழுதாமல் விட்டு, ஆறு பில்கள் வரை கழிக்காமலே பணம் கொடுத்து, ஏழாவது பில்லில் தணிக்கையாளர் சுட்டிக்காட்டிய பிறகு மொத்தத்தையும் கழித்தால், அது கூடுதல் பட்டுவாடாவா, இல்லை இரு தரப்பும் ஏற்று நடந்த அளவு முறையா என்பதே வழக்காகிவிடும். எழுத்தில் முறை இல்லாவிட்டால், இந்த வகைத் தொகையைப் பேச்சில் பாதிக்கு முடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

பொருளை நீங்களே கொடுத்து, கூலியை மட்டும் அவரிடம் விட்ட வேலைகளில் கூடுதல் என்பது பணமாக இல்லாமல் கம்பியாகவும் சிமென்டாகவும் போகும். 40 டன் கம்பி கொடுத்திருக்கிறீர்கள். வரைபடப்படி செலவு 37 டன். ஒப்பந்தப்படி சேதாரம் 3 சதவீதம், அதாவது 1.11 டன். மிச்சம் 1.89 டன்னுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டும். அவர் சொல்லப்போகும் பதிலையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கம்பியை எடைமேடைச் சீட்டுப்படி கொடுத்தீர்கள், செலவையோ விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் வாய்பாட்டில் கணக்கிட்டீர்கள், ஆலையிலிருந்து வரும் கம்பியின் உண்மையான எடை அந்த வாய்பாட்டிலிருந்து சற்று ஏறி இறங்கும், அந்த வேறுபாட்டை என் தலையில் கட்டக் கூடாது. இது நியாயமான வாதம்தான். கொடுத்ததையும் செலவழித்ததையும் ஒரே அளவுகோலில் கணக்கிட்ட பிறகு எஞ்சுவதை மட்டும் கேளுங்கள். அந்த மிச்சத்துக்கு, பொருளை அவரிடம் கொடுத்தபோது குறித்த விலையைப்போல் இரு மடங்கு பிடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அந்த உச்ச அளவுக்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே தரும்.

பாதியில் விட்டுப் போனவரிடம் தங்கிவிட்ட முன்பணமும், பொய் அளவு காட்டிப் பெற்ற பணமும் மீதி இரண்டு வகைகள். முன்பணத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. பிடிக்கப்படாமல் எஞ்சிய முன்பணம் இவ்வளவு என்று கணக்கில் தெரியும் தொகை. மீதி வேலையை வேறு ஆள் வைத்து முடித்ததற்கான கூடுதல் செலவு இழப்பீடு. நடுவரோ நீதிமன்றமோ தீர்மானிக்கும் வரை இழப்பீடு என்பது கடனாகாது என்று உச்ச நீதிமன்றம் 1974-இல் ராமன் அயர்ன் ஃபவுண்டரி வழக்கில் சொன்ன கருத்து இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதாமல், நோட்டீஸிலும் வழக்கிலும் தனித்தனியே காட்ட வேண்டும்.

கையில் இருக்கும் தொகை

உங்கள் கையில் அவருடைய பணம் எவ்வளவு இருக்கிறது என்று அடுத்துப் பாருங்கள்: நிலுவை பில், பிடித்து வைத்த தொகை, வங்கி உத்தரவாதம். இவற்றிலிருந்து ஈடுசெய்துகொள்வதைவிட விரைவான வழி எதுவும் இல்லை. ஆனால் சத்தமில்லாமல் கழித்துவிடுவதுதான் இதில் பலரும் செய்யும் தவறு. எந்தப் பில்லில், எந்த உருப்படியில், எந்த அளவு, எவ்வளவு கூடியது என்று காட்டும் ஒத்திசைவுத் தாளைத் தயாரித்து, ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனையின்படி கழிக்கிறீர்கள் என்று குறிப்பிட்டு, பதில் சொல்ல ஏழு அல்லது பத்து நாள் கொடுத்து, அதன் பிறகே கழிக்க வேண்டும். ஒரே ஒப்பந்தத்துக்குள் இடைக்கால பில்லின் பிழையை அடுத்த பில்லில் திருத்துவதில் பெரிய சிக்கல் வருவதில்லை, ஏனெனில் ஆர்.ஏ. பில் என்பதே இறுதிக் கணக்குக்கு உட்பட்ட இடைக்காலப் பட்டுவாடா. வேறொரு தளத்தில் அதே ஆள் செய்த வேலையின் பில்லில் கைவைப்பதற்கு மட்டும் ஒப்பந்தத்தில் தெளிவான அனுமதி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், அங்கே நீங்கள்தான் பணம் கொடுக்கத் தவறியவர் ஆவீர்கள்.

அவர் எழுப்பக்கூடிய எதிர்க்கணக்கையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலை ஏதாவது செய்திருந்து, அதன் பயனை நீங்கள் அனுபவித்திருந்தால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி அதற்கு ஈடு கேட்க அவருக்கு உரிமை உண்டு. தளப் பொறியாளர் வாய்மொழியாகச் சொல்லிச் செய்வித்த வேலைகளின் பட்டியலை நீங்களே முதலில் எடுத்துப் பாருங்கள்.

வங்கி உத்தரவாதம் இருந்தால் அதன் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். நிபந்தனையற்ற உத்தரவாதத்தில், அதில் எழுதியுள்ள சொற்களுக்கு ஏற்பக் கோரிக்கை அனுப்பினால் வங்கி கொடுத்தாக வேண்டும். அப்பட்டமான மோசடி, ஈடுசெய்ய முடியாத அநீதி என்ற இரண்டு விதிவிலக்குகளில் மட்டுமே நீதிமன்றம் தலையிடும் என்பது நிலைபெற்ற சட்டம். கோரிக்கைக் கடிதத்தில் உத்தரவாதத்தின் வாசகம் அப்படியே இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட கடிதங்களும் உண்டு.

நிகரமா, மொத்தமா?

திருப்பிக் கேட்கும் தொகையை வங்கியில் போன தொகையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன 3,60,000 ரூபாயில், ஒப்பந்தப்படி 5 சதவீதம் பிடித்து வைப்பதாகக் கொண்டால், 18,000 ரூபாய் உங்களிடமே இருக்கிறது. அவர் தனிநபராக இருந்தால் 1 சதவீத மூலவரியாக (டி.டி.எஸ்.) 3,600 ரூபாய் அவர் பெயரில் அரசுக்குப் போயிருக்கிறது. அவர் வங்கிக் கணக்குக்குச் சென்றது 3,38,400 ரூபாய். ஆனால் 3,600 ரூபாய் வரிக் கழிவாக அவருக்கே பயன்படும் என்பதால், நீங்கள் கேட்க வேண்டியது 3,42,000 ரூபாய். தனிநபர் அல்லாத நிறுவனங்களுக்கு மூலவரி 2 சதவீதம். கணக்கும் அதற்கேற்ப மாறும்.

பில் சரியாக இருந்து பட்டுவாடா மட்டும் பிழையானால் ஜி.எஸ்.டி. கணக்கில் மாற்றம் எதுவும் வராது. பில்லே கூடுதலாகப் போடப்பட்டிருந்தால், அவர் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்) போட வேண்டும். நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையில் அந்த அளவைத் திருப்ப வேண்டும். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-ஐத் தாண்டினால் வரியைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குப் போய்விடும். அதைக் காரணம் காட்டி அவர் வரிப் பகுதியைத் தர மறுப்பார். பேச்சுவார்த்தையில் இந்தத் தேதி இரு தரப்புக்குமே ஒரு நெருக்குதலாக உதவும்.

எழுத்தில் ஒப்புதல் வாங்குவது

நீதிமன்றத்துக்குப் போகும் முன் ஒருமுறை நேரில் அழைத்துப் பேசுங்கள். ஒத்திசைவுத் தாளின் அடியில் ‘சரிபார்த்தேன், மேற்படி தொகை என்னிடமிருந்து வர வேண்டியது’ என்று ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால், வழக்கின் பாதிப் பாரம் குறைந்துவிடும். அந்தக் கையெழுத்து மூன்று விதங்களில் உதவும். அது கடனை ஒப்புக்கொண்ட சான்றாகும். காலவரம்பு முடிவதற்குள் வாங்கப்பட்டிருந்தால், காலவரம்புச் சட்டம், 1963-இன் 18-ஆவது பிரிவின்படி அன்றிலிருந்து புதிய காலவரம்பு தொடங்கும். அதோடு தவணைத் தேதிகளுடன் ஓர் ஒப்பந்தமாகவோ, புரோநோட்டாகவோ, காசோலைகளாகவோ அமைத்துக்கொண்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளைப்படி, எதிர்த்தரப்பு நீதிமன்ற அனுமதி பெற்றே எதிர்வாதம் செய்யக்கூடிய சுருக்க வழக்கு தொடுக்கும் வாய்ப்பும் கிடைக்கும். வெறும் 72-ஆவது பிரிவை வைத்துக்கொண்டு சுருக்க வழக்குக்குப் போக முயன்றால், எழுத்து ஒப்பந்தத்தின் அடிப்படையில் எழுந்த நிச்சயத் தொகை அல்ல என்று எதிர்ப்பு வரும்.

ஒப்புதல் கிடைக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ். தனியார் மீது வழக்குப் போட நோட்டீஸ் கட்டாயமில்லை என்றாலும், வட்டிக்காகவே அதை அனுப்ப வேண்டும்: ஒப்பந்தத்தில் வட்டி பற்றி எதுவும் இல்லாதபோது, வட்டி கோரப்படும் என்று எழுத்தில் தெரிவித்த தேதியிலிருந்து வழக்கு வரையிலான காலத்துக்கு வட்டி வழங்க, வட்டிச் சட்டம், 1978-இன் 3-ஆவது பிரிவு இடமளிக்கிறது. நோட்டீஸில் வட்டி வாசகம் இல்லாமல் வெறும் அசலை மட்டும் கேட்டு, பின்னர் இரண்டு ஆண்டு வட்டியை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

யார் பெயருக்கு நோட்டீஸ் என்பதும் சாதாரணக் கேள்வி அல்ல. ஒப்பந்தம் தந்தை பெயரில், ரசீது மகனின் நிறுவனத்தின் பெயரில், பணம் போனது மைத்துனரின் கணக்குக்கு என்பது நம் ஊர்த் தளங்களில் அன்றாடக் காட்சி. யார் கேட்டதன் பேரில் அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ இல்லாவிட்டால், மூவரையும் பிரதிவாதிகளாகச் சேர்க்க வேண்டிவரும். அவர் தரப்பு கம்பெனியாக இருந்தால், இயக்குநர்கள் சொந்த உத்தரவாதம் தந்திருந்தாலொழிய, கடன் கம்பெனியோடு நின்றுவிடும். உங்கள் தரப்பு பதிவு செய்யப்படாத கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால், கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு ஒப்பந்த உரிமைக்கான வழக்கையே தடுத்துவிடும். நோட்டீஸ் அனுப்பும் முன்னரே பதிவை முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டு

பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டு. தவறுதலாகப் போன பணத்துக்கு, காலவரம்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, தவறு தெரியவந்த நாளிலிருந்தோ, உரிய கவனத்தோடு இருந்திருந்தால் தெரியவந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலம் ஓடத் தொடங்கும். இந்த இரண்டாவது பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் தணிக்கை நடக்கும் ஒரு கம்பெனி, நான்கு ஆண்டு கழித்து ‘இப்போதுதான் பார்த்தோம்’ என்று சொன்னால், முதல் ஆண்டுத் தணிக்கையிலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆகவே பணம் போன தேதியிலிருந்தே மூன்று ஆண்டு என்று வைத்துக்கொண்டு செயல்படுவது பாதுகாப்பானது. வக்கீல் நோட்டீஸ் காலவரம்பை நிறுத்தாது, பேச்சுவார்த்தையும் நிறுத்தாது. வழக்குத் தாக்கல், நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி தகராறை நடுவருக்கு அனுப்பக் கேட்கும் கோரிக்கை, எதிர்த்தரப்பின் எழுத்து ஒப்புதல் ஆகியவை போன்ற சட்டம் ஏற்கும் நிகழ்வுகளே உதவும்.

எந்த மன்றம்?

ஒப்பந்தத்தில் நடுவர் நிபந்தனை (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பார் என்ற வாசகம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், நீதிமன்றத்தில் போடும் வழக்கை எதிர்த்தரப்பு, நடுவர் மற்றும் சமரசச் சட்டம், 1996-இன் 8-ஆவது பிரிவைக் காட்டி முதல் கட்டத்திலேயே நடுவருக்கு அனுப்பச் செய்துவிடும். ‘எங்கள் மேலாண் இயக்குநரோ அவர் நியமிப்பவரோ நடுவராக இருப்பார்’ என்ற பழைய வாசகத்தை நம்பி நீங்களே ஒருவரை நியமித்துவிடாதீர்கள். விவகாரத்தின் முடிவில் அக்கறை உள்ளவர் தானும் நடுவராக இருக்கக் கூடாது, வேறொருவரைத் தனியாக நியமிக்கவும் கூடாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அப்படிப் பெற்ற தீர்ப்பு நிற்பது கடினம். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒருவர் கிடைக்காவிட்டால் 11-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். மூன்று, நான்கு லட்சம் ரூபாய்க்கான தகராறில் நடுவர் கட்டணமே தொகையைத் தின்றுவிடும் என்பதால், சிறிய வேலைகளுக்கான ஒப்பந்தங்களில் நடுவர் நிபந்தனையையே விட்டுவிடலாம் என்று நான் சொல்வதுண்டு.

நடுவர் நிபந்தனை இல்லாவிட்டால், கட்டுமான ஒப்பந்தத் தகராறு வணிகத் தகராறாகும். கோரிக்கை மதிப்பு 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015-இன்படி வணிக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தாக்கல் தேதி வரையிலான வட்டியும் இந்த மதிப்பில் சேரும் என்பதால், அசல் 2,80,000 ரூபாயாக இருந்தாலும் எல்லையைத் தாண்டக்கூடும். வணிக வழக்கில் அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாத நிலையில், 12-ஏ பிரிவின்படி முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் சமரசத்துக்கு முயல வேண்டும். 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டதால், அந்தப் படியைத் தாண்டித் தாக்கல் செய்த பிராது நிராகரிக்கப்படும். சமரசத்துக்குச் செலவாகும் காலம் காலவரம்புக் கணக்கில் சேராது. இதை வெறும் சடங்காக நினைக்காமல், ஒத்திசைவுத் தாளோடு போய் உட்காருங்கள். கணக்குப் பிழை போன்ற தகராறுகள் முடிவதற்கு ஏற்ற இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கான நீதிமன்றக் கட்டணம் 2017 திருத்தத்துக்கு முன் 7.5 சதவீதமாக இருந்து, பின்னர் 3 சதவீதமாகக் குறைந்தது. 3,42,000 ரூபாய்க் கோரிக்கைக்கு அது 10,260 ரூபாய். வழக்கு நடக்கும்போது சமரசமாகிவிட்டால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். நீதிமன்றம் அனுப்பாமல் தரப்பினர் தாமாகவே வெளியில் பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் தீர்ப்பளித்தது.

அவர் சொத்தை விற்றுவிட்டு மறைந்துவிடுவார் என்ற அச்சம் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆவது கட்டளை, 5-ஆவது விதியின்படி தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்கலாம். ஆனால் வழக்கில் வலு இருக்கிறது என்பதோடு, தீர்ப்பாணையை முறியடிக்கும் எண்ணத்தில் அவர் சொத்தைக் கைமாற்றுகிறார் என்பதையும் விவரங்களோடு காட்ட வேண்டும். ‘கொடுக்க மாட்டார் என்று அஞ்சுகிறேன்’ என்ற ஒரு வரி போதாது.

அவர் குறு, சிறு நிறுவனமாக இருந்தால்

அவர் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பெற்றவரா என்று பார்க்காமல் எந்தத் தொகையையும் நிறுத்தி வைக்காதீர்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, குறு, சிறு நிறுவனத்துக்குரிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாந்தரக் கூட்டு வட்டியாக ஏறும். நீங்கள் கூடுதல் தொகைக்காக நிறுத்தியதை அவர் நிலுவை என்று சொல்லி அந்தச் சட்டத்தின்படி நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகலாம். பணி ஒப்பந்தங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்களின் கருத்து ஒருமுகமாக இல்லை. எனவே அந்த எதிர்வாதத்தை எழுப்பலாம், அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அந்தக் குழு முன் உங்கள் கூடுதல் தொகையை எதிர்க் கோரிக்கையாக வைக்க முடியும் என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. குழுவின் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்னரே கட்ட வேண்டும் என்பதால், அங்கே ஆஜராகாமல் இருந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கு பெரும் செலவில் முடியும்.

திவால் சட்டமும் குற்றப் புகாரும்

துணை ஒப்பந்தக்காரர் கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) இருந்து, நிலுவை ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், திவால் சட்டம், 2016-இன் 9-ஆவது பிரிவின்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். சென்னை மெட்ரோ பணிக்கான விளக்குச் சாதனங்களுக்காகக் கொடுத்த 50 லட்சம் ரூபாய் முன்பணம் பற்றிய ஹிட்ரோ எனர்ஜி வழக்கில், பொருளுக்கோ சேவைக்கோ முன்பணம் கொடுத்தவரும் செயல்பாட்டுக் கடன் கொடுத்தவராக, அதாவது இந்த மனுவைத் தரத் தகுதியுள்ளவராகக் கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொன்னது. ஒரு கோடி என்ற எல்லை 2020 மார்ச்சில் வந்தது. இருந்தாலும், கோரிக்கை நோட்டீஸுக்கு முன்பே தகராறு இருந்தது என்று அவர் காட்டிவிட்டால் மனு தள்ளுபடியாகும். அளவு வேறுபாட்டுத் தகராறுகளில் அவருக்கு அது எளிது.

காவல் நிலையப் புகாரைப் பொறுத்தவரை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்படியான ஏமாற்றுதலுக்குத் தொடக்கத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டும். பொய்யான எடைச் சீட்டு, திருத்தப்பட்ட அளவுப் புத்தகம், நம் பொறியாளரோடு கூட்டுச் சேர்ந்து இல்லாத வேலைக்கு பில் என்பவை இருந்தால் புகார் நியாயமானது. நம் அலுவலகத்தின் கணக்குப் பிழைக்குக் குற்றப் புகார் கொடுப்பது, உயர் நீதிமன்றத்தில் அது ரத்தாகும் வரை காலத்தை வீணாக்குவதாகவே முடியும். அதற்குள் மூன்று ஆண்டு ஓடிவிடும். தவணைக்காக அவர் தந்த காசோலை திரும்பினால் நிலைமை வேறு. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அதைப் பெற்ற 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் என்ற கணக்கில், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு செயல்படும். காசோலையை வங்கியில் போடும் முன்பே அவர் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால், காசோலையின் பின்புறம் அதைக் குறிப்பிட்டு, மீதிக்கு மட்டுமே வங்கியில் போட வேண்டும்.

சான்றும் வசூலும்

உங்கள் டேலி (கணினிக் கணக்கு மென்பொருள்) கணக்கைக் காட்டி மட்டும் வழக்கை வெல்ல முடியாது. கணக்குப் புத்தகப் பதிவு மட்டுமே ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்தப் போதுமானதல்ல என்று பாரதிய சாக்ஷிய சட்டம், 2023-இன் 28-ஆவது பிரிவு சொல்கிறது. கூட்டு அளவில் இருவரும் கையெழுத்திட்ட அளவுப் புத்தகப் பக்கங்கள், வேலை உத்தரவு, ஒவ்வொரு பில்லின் சுருக்கத் தாள், வங்கிப் பட்டியல், மூலவரிச் சான்று ஆகியவை வேண்டும். மின்னஞ்சல், வாட்ஸ்அப் அச்சுகளோடு 63-ஆவது பிரிவின் சான்றிதழ் வேண்டும். அதில் சாதனத்துக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும், நிபுணர் மற்றொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். செய்தி வந்த தளப் பொறியாளரின் தொலைபேசியை அவர் வேலையை விட்டுப் போகும் முன் வாங்கி, பிரதி எடுத்து வையுங்கள். வேலை இன்னும் மூடப்படாமல் இருந்தால், நீதிமன்ற ஆணையரை நியமித்து அளவெடுக்கக் கோரலாம். பூச்சுக்குள் போய்விட்ட கம்பியை யாராலும் அளக்க முடியாது.

தீர்ப்பாணை வந்த பிறகு நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. துணை ஒப்பந்தக்காரர்களில் பலருக்குத் தம் பெயரில் வீடோ மனையோ இருப்பதில்லை. ஷட்டரிங் பலகைகளும் ஜாக்கிகளும் வாடகைக்கு எடுத்தவையாக இருக்கும். ஆனால் அவர் இன்று வேறு யாரோ ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருப்பார். அங்கே அவருக்கு வர வேண்டிய பில் தொகையை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது கட்டளை, 46-ஏ விதியின்படி ஜப்தி செய்து, அந்த நிறுவனம் நேரே நீதிமன்றத்தில் கட்டுமாறு உத்தரவு பெறலாம். எந்தத் தளத்தில், யாருக்காக வேலை செய்கிறார் என்பதை நிறைவேற்று மனுவில் குறிப்பிட வேண்டும் என்பதால், வழக்கு நடக்கும் காலம் முழுவதும் அவர் எங்கே வேலை செய்கிறார் என்பதைத் தேதியோடு குறித்து வைத்திருங்கள்.